அமெரிக்க இறப்புச் சான்றிதழில் அடக்கக் கட்டத்தைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

'ரிமூவல்' என்ற ஒரு சொல்லைத் தப்பாகப் படித்ததில் எங்களுக்கு இரண்டு மாதம் வீணாய்ப் போனது. மருமகள் மிசூரிக்காரி. பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வழிக் கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1917-இல் செயின்ட் லூயிஸில் இறந்தவர், அவருடைய சான்றிதழின் நகல் வீட்டிலேயே இருந்தது. அடக்கம் பற்றிய கட்டத்தில் ஹானிபல் என்று ஓர் ஊர்ப்பெயர், அதற்கு மேலே 'ரிமூவல்' என்ற சொல். "முதலில் ஹானிபலில் புதைத்து, பிறகு தோண்டி எடுத்திருக்கிறார்கள்" என்று நான் பெரிய ஆளாட்டம் சொல்லிவிட்டேன். அதை நம்பி செயின்ட் லூயிஸ் கல்லறைத் தோட்டங்களை ஒவ்வொன்றாக அலசினோம். ஆள் ஹானிபலில்தான் இருந்தார், யாரும் அவரைத் தோண்டவில்லை. 'ரிமூவல்' என்பது படிவத்திலேயே அச்சடித்திருந்த தலைப்பு, யாரும் எழுதியது அல்ல.

அதற்குப் பிறகு, பிள்ளைகள் அமெரிக்காவில் சம்பந்தம் செய்த நாலைந்து குடும்பங்களுக்கு இதே வேலையில் உதவியிருக்கிறேன். எல்லோரும் விழுவது ஏறக்குறைய அதே குழியில்தான். அந்தக் கட்டத்தைக் கல்லறையின் முகவரி என்று நினைத்துப் படிக்கிறார்கள். உடலைப் புதைக்கவோ வெளியூருக்கு எடுத்துப் போகவோ அரசாங்கத்திடம் பெர்மிட் வாங்க வேண்டும், அதை வாங்கப் போனவர் "இன்ன இடத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன்" என்று சொன்ன தகவல்தான் அங்கே இருப்பது. போகப் போவதைச் சொன்னாரே தவிர, போய்ச் சேர்ந்ததை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள ஒவ்வொரு படிக்கும் காரணம் தானே புரியும்.

சுமார் 1900 முதல் 1960 வரையிலான சான்றிதழ்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சான்றிதழின் முழுப் படம், பின்பக்கம் இருந்தால் அதுவும். அதே மாநிலத்தில் அதே வருஷத்தில் வேறு யாராவது இறந்ததற்கான சான்றிதழ்கள் இரண்டு மூன்று. அந்தக் கவுன்டியின், அதாவது நம் மாவட்டம் மாதிரியான பகுதியின், பழைய வரைபடம். அந்தக் கவுன்டியிலுள்ள கல்லறைத் தோட்டங்களின் பட்டியல்.

சம்பந்தமில்லாதவர்களின் சான்றிதழ் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஆளின் தாளில் கிறுக்கலாக இருக்கும் சொல்லை அதே எழுத்தர் இன்னொரு தாளில் தெளிவாக எழுதியிருப்பார். அதோடு, எது அச்சு, எது கையெழுத்து என்பதும் நாலு தாளை அடுத்தடுத்து வைத்தால் பட்டென்று தெரிந்துவிடும். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அந்த இரண்டு மாதம் மிச்சம்.

சான்றிதழே இருக்க வாய்ப்பில்லாத வருஷத்தைத் தேடி அலையவும் வேண்டாம். மாநில அளவிலான பதிவு பென்சில்வேனியாவில் 1906-இல், ஒஹாயோவில் 1908 கடைசியில், மிசூரியில் 1910-இல், ஜார்ஜியாவில் 1919-இல் தொடங்கியது. கூட்டாட்சி அரசின் இறப்புப் பதிவு வட்டத்துக்குள் எல்லா மாநிலங்களும் வந்து சேர 1933 ஆகிவிட்டது. அந்த மாநிலத்தில் பதிவு தொடங்குவதற்கு முன்னால் இறந்தவர் என்றால் நகரப் பதிவேடு, கவுன்டிப் பதிவேடு, சர்ச் ஏடு என்று வேறு வழியில் போக வேண்டும்.

2. அட்டவணையை நம்பாமல் படத்தைத் திறங்கள்

ஃபேமிலிசர்ச், ஆன்செஸ்ட்ரி போன்ற வம்சாவளித் தளங்களில் பெயரைத் தட்டினால் முதலில் வருவது யாரோ படித்துத் தட்டச்சு செய்த சுருக்கம். அதில் அடக்கத் தேதி இறப்புத் தேதியாகியிருக்கும், அண்டர்டேக்கரின் (அடக்க ஏற்பாட்டாளரின்) ஊர் கல்லறை ஊராகியிருக்கும், 'மவுன்ட் ஹோப்' 'மவுன்ட் ஹோலி' ஆகியிருக்கும். தட்டச்சு செய்தவரைக் குறை சொல்ல முடியாது, கட்டங்கள் அவ்வளவு நெருக்கம்.

மிசூரி மாநிலம் 1910-இலிருந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் பழையதான எல்லாச் சான்றிதழ்களின் படத்தையும் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவும் அரிசோனாவும் பழைய சான்றிதழ்களை இப்படியே இலவசமாகத் தருகின்றன. உங்கள் ஆள் அங்கே இறக்கவில்லை என்றாலும், பழகிப் பார்க்க இந்த மூன்றும் நல்ல இடம்.

3. எந்தக் கட்டத்தை யார் நிரப்பினார் என்று பிரியுங்கள்

ஒரே தாளில் நாலு பேரின் வேலை இருக்கிறது. பிறப்பு, பெற்றோர் பெயர் எல்லாம் 'இன்ஃபார்மன்ட்' எனப்படும் வீட்டு மனிதர் சொன்னது. நோயும் நேரமும் டாக்டர் எழுதியது. அடக்கம் பற்றியது அண்டர்டேக்கர், அதாவது சவப்பெட்டி முதல் குழி வரை எல்லா ஏற்பாட்டையும் காசுக்குச் செய்து தருபவர், தந்த தகவல். கடைசியில் தேதி போட்டுக் கையெழுத்திடுபவர் பதிவாளர்.

1910 வாக்கிலான படிவங்களில் பெரும்பாலும் 19-ஆம் கட்டத்தின் தலைப்பு 'பிளேஸ் ஆஃப் பரியல் ஆர் ரிமூவல்', பக்கத்திலேயே 'டேட் ஆஃப் பரியல்', அதற்குக் கீழே 20-ஆம் கட்டம் 'அண்டர்டேக்கர்'. கவனியுங்கள்: புதைத்தாலும் வெளியூருக்கு அனுப்பினாலும் ஒரே கட்டம்தான், எது நடந்தது என்று குறிக்கத் தனி இடம் கிடையாது. பிறகு தலைப்பில் 'கிரிமேஷன்', அதாவது எரியூட்டல், சேர்ந்தது. 1940-களில்தான் மூன்றில் எது என்று குறிக்க ஓர் இடம், கல்லறைத் தோட்டத்தின் பெயருக்கு ஓர் இடம், ஊருக்கு ஓர் இடம் என்று ஒழுங்காகப் பிரித்தார்கள். ஆகவே வருஷத்தைப் பார்க்காமல் கட்டத்தைப் படிக்கக் கூடாது.

4. அண்டர்டேக்கரின் பெயரையும் ஊரையும் முதலில் படியுங்கள்

இது எல்லோரும் தாண்டிப் போகும் இடம், எனக்கு மிகவும் உதவியதும் இதுதான். அண்டர்டேக்கரின் ஊரும் இறந்த ஊரும் ஒன்றாக இருந்து, அடக்கக் கட்டத்தில் மட்டும் வேறு ஊர் இருந்தால், உடல் ரயிலேறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் இறக்கி வாங்கிக்கொண்ட இன்னோர் அண்டர்டேக்கர் இருந்திருப்பார். அவருடைய கணக்குப் புத்தகத்தில் குழியின் எண் வரை இருக்கலாம். இரண்டு பேரையும் தேட வேண்டும்.

அந்தக் கட்டத்தில் 'நெய்பர்ஸ்', 'ஃபேமிலி', 'நன்' (யாருமில்லை) என்றெல்லாம் எழுதியிருந்தால், வீட்டு மனிதர்களே பெட்டி செய்து, குழி வெட்டிப் புதைத்திருக்கிறார்கள். கென்டக்கி, டென்னசி மலைப்பக்கம் இது சாதாரணம். அங்கே அண்டர்டேக்கர் ஏட்டைத் தேடிப் பயனில்லை, நிலப்பத்திரத்தைத் தேடுங்கள்.

பழைய அடக்கக் கடைகள் பலவும் கைமாறிப் பெயர் மாறிப்போயிருக்கும். ஆனாலும் ஏடுகள் வாங்கியவரிடமோ, கவுன்டி வரலாற்றுச் சங்கத்திடமோ, ஊர் நூலகத்திடமோ இருக்க வாய்ப்புண்டு. கேட்டால்தான் தெரியும்.

5. இப்போது சொல்லுக்கு வாருங்கள்

பரியல், இன்டர்மென்ட்: இரண்டும் மண்ணில் புதைப்பதுதான். வேறுபாடு தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ரிமூவல்: அச்சடித்த தலைப்பாக இல்லாமல் உண்மையிலேயே கையால் எழுதியிருந்தால், இறப்பைப் பதிவு செய்த எல்லையை விட்டு உடலை வெளியே கொண்டுபோனார்கள் என்று பொருள். சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தவரைச் சொந்த ஊருக்கு எடுத்துப் போகிறோமே, அதேதான். கல்லறையிலிருந்து தோண்டி எடுப்பதற்கு 'டிஸ்இன்டர்மென்ட்' என்று வேறு சொல் இருக்கிறது, அதற்குப் பெர்மிட்டும் வேறு. ரிமூவல் என்று கண்டால் போய்ச் சேர்ந்த ஊரின் பத்திரிகையைப் பாருங்கள். உடலோடு ஒருவர் அதே ரயிலில் கூடப் போவது வழக்கம் என்பதால், "இன்னாரின் உடலோடு மைத்துனர் வந்திறங்கினார்" என்று இரண்டு வரிச் செய்தி வந்திருக்கும். அந்த மைத்துனரின் பெயர் தங்கம்.

இன்னொன்று, எழுதியிருக்கும் ஊர் ரயில் நிலையம் இருந்த ஊராக மட்டும் இருக்கலாம். கல்லறை அங்கிருந்து மாட்டு வண்டித் தூரத்தில், அடுத்த கவுன்டியில்கூட இருக்கும்.

ரிசீவிங் வால்ட், சுருக்கமாக 'ரெக். வால்ட்', நியூ இங்கிலாந்துப் பக்கம் வெறுமனே 'டூம்': தற்காலிக வைப்பறை. நம் ஊரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்வது கஷ்டம். மிச்சிகன், மினசோட்டா, வெர்மான்ட் மாதிரி இடங்களில் ஜனவரியில் மண் பாறையாக உறைந்துவிடும், கையால் குழி வெட்ட முடியாது. அதனால் கல்லறைத் தோட்டத்திலேயே கல்லால் கட்டிய அறையில் பெட்டியை வைத்துவிட்டு, பனி உருகியதும் ஏப்ரல், மே வாக்கில் புதைப்பார்கள். சான்றிதழிலோ ஜனவரித் தேதிதான் இருக்கும், ஏனென்றால் பெர்மிட் வாங்கியது அன்றைக்கு. வசந்தத்தில் குடும்பம் வேறு கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுபோயிருந்தாலும் இந்தத் தாளைத் தேடி வந்து யாரும் திருத்தப்போவதில்லை.

என்டூம்மென்ட்: தரைக்கு மேலே கல் மண்டபத்தில் வைப்பது. இதையும் 'வால்ட்' என்று சொல்வதால் மேலே சொன்ன வைப்பறையோடு குழப்பிக்கொள்கிறார்கள். போதாததற்கு, அண்டர்டேக்கரின் பில்லில் 'வால்ட்' என்று விலை போட்டிருந்தால் அது குழிக்குள் பெட்டியைச் சுற்றி இறக்கும் உறைப்பெட்டி. ஒரே சொல், மூன்று பொருள். எந்தத் தாளில் பார்க்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

கிரிமேஷன்: எரியூட்டிய இடத்தின் பெயர்தான் இருக்கும். சாம்பல் எங்கே போனது என்று சான்றிதழ் சொல்லாது. வீட்டு அலமாரியில் இருபது வருஷம் இருந்துவிட்டு, மனைவி இறந்தபோது அவளோடு புதைக்கப்பட்ட சாம்பலை நான் பார்த்திருக்கிறேன், அதாவது மனைவியின் கல்லறை அட்டையில் பார்த்திருக்கிறேன். ஆகவே கணவன் எரியூட்டப்பட்டிருந்தால் மனைவியின் ஏட்டையும் பாருங்கள்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்காக ஒன்று. கலிஃபோர்னியாவின் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கப் பதிவுகளில் இனம் என்ற கட்டத்தில் 'ஹிண்டு' என்று கண்டதும் மதத்தை முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களை, சீக்கியரானாலும் முஸ்லிமானாலும், அப்படித்தான் எழுதினார்கள். "இந்து என்றால் எரித்திருப்பார்கள்" என்று கல்லறைத் தோட்டத்தைத் தேடாமல் விட்டால் ஏமாந்துபோவீர்கள்.

அனட்டாமிகல் போர்டு, 'மெட். கால்.', 'டொனேஷன்': மருத்துவக் கல்லூரிக்குப் போன உடல். பென்சில்வேனியாவில் 1883 சட்டத்தின்படி அமைந்த உடற்கூறு வாரியம், யாரும் கேட்டு வராத உடல்களை வாங்கிக் கல்லூரிகளுக்குப் பகிர்ந்து தந்தது. பழைய சான்றிதழில் இதைப் பார்த்தால் அவர் மனமுவந்து தானம் செய்தார் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அதன் பொருள், உடலை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பதுதான். குடும்பத்தாரிடம் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

கவுன்டி ஃபார்ம், புவர் ஃபார்ம், பாட்டர்ஸ் ஃபீல்ட்: ஏழைகளை அரசுச் செலவில் புதைத்த இடம். நியூயார்க் நகரச் சான்றிதழில் 'சிட்டி செமிட்ரி' என்று சாதுவாக எழுதியிருந்தால் அது 1869 முதல் ஹார்ட் தீவு. பெயரைப் பார்த்து ஊருக்குள் ஏதோ பூங்கா என்று நினைத்துவிடுகிறார்கள்.

6. இடத்தின் பெயரை அவிழ்ப்பது

எழுத்தருக்கு இடம் போதாது, சுருக்கித் தள்ளியிருப்பார். ஐ.ஓ.ஓ.எஃப். என்றால் ஆட் ஃபெலோஸ் என்ற சகோதர சங்கத்தின் கல்லறைத் தோட்டம், ஏ.எஃப். அண்ட் ஏ.எம். என்றால் ஃப்ரீமேசன் சங்கம், கே. ஆஃப் பி. என்றால் பித்தியாஸ் வீரர் சங்கம். இவை ஊர்கள் அல்ல. சிரிக்காதீர்கள், வரைபடத்தில் 'ஐஊஃப்' என்ற ஊரை ஒருவர் ஒரு வாரம் தேடினார்.

இந்தச் சுருக்கம் இன்னொரு கதவையும் திறக்கிறது. செத்தவரோ வீட்டில் வேறு யாரோ அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்திருக்கலாம், அப்படியானால் சங்க ஏடும் உண்டு. அதேபோல் கால்வரி, ஹோலி கிராஸ் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கம், அடுத்து பங்குக் கோயிலின் ஏட்டைப் பாருங்கள். இறந்த மறுநாளே அடக்கம், இடத்தின் பெயரில் 'பெத்' அல்லது 'பினாய்' என்றிருந்தால் யூதக் குடும்பமா என்று யோசியுங்கள். இவை குறிப்புகள்தான், சாட்சி அல்ல.

'ஹோம் பிளேஸ்', 'ஃபேமிலி' என்று மட்டும் இருந்தால் சொந்த நிலத்தில் புதைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் குடும்பம் எந்த நிலத்தில் இருந்தது என்பதைப் பத்திரத்திலும் வரி ஏட்டிலும் பிடித்து, பிறகு யு.எஸ்.ஜி.எஸ். என்ற அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நிலப்பட வரைபடங்களைத் திறங்கள். அவற்றில் காட்டுக்குள் இருக்கும் சின்னக் கல்லறை நிலம்கூடக் குறிக்கப்பட்டிருப்பது உண்டு.

7. மூன்று தேதிகளை வரிசையில் வையுங்கள்

இறந்த தேதி, அடக்கத் தேதி, பதிவாளர் தாளை வாங்கிய தேதி. பதிவுத் தேதி அடக்கத் தேதிக்கு முன்னால் இருக்கிறதே, தப்பாயிற்றே என்று பதறுகிறார்கள். தப்பில்லை, அதுதான் சரியான வரிசை: தாளைக் கொடுத்தால்தான் பெர்மிட், பெர்மிட் வந்தால்தான் குழி. பதிவு ஒரு வாரம் கழித்து நடந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும், ஒருவேளை கிராமப்புறமாக இருக்கும்.

வெளியூருக்கு அனுப்பிய உடலாக இருந்தால், அடக்கத் தேதி என்ற இடத்தில் ரயிலேற்றிய தேதி இருக்கக்கூடும். இறப்புக்கும் அடக்கத்துக்கும் நடுவே பத்து நாளுக்கு மேல் இடைவெளி என்றால் மூன்று காரணங்களைச் சோதியுங்கள்: குளிர்கால வைப்பறை, கரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) விசாரணை, தூர தேசத்து உறவினருக்காகக் காத்திருந்தது. கரோனர் விசாரணை என்றால் அதற்குத் தனிக் கோப்பு உண்டு, சில சமயம் சான்றிதழைவிட அதில் விஷயம் அதிகம்.

8. கல்லறைத் தோட்டமே இடம் மாறியிருக்கிறதா?

பெயரும் தேதியும் சரியாக இருந்தும் இடம் கிடைக்கவில்லை என்றால் இதைப் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ 1901-லிருந்து நகருக்குள் புதைப்பதைத் தடை செய்தது. பிறகு இருந்த கல்லறைகளையே காலி செய்யச் சொல்லி, பெரும்பாலானவற்றைத் தெற்கே கோல்மா என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார்கள். சான்றிதழில் 'லாரல் ஹில்' என்றிருக்கும், இன்று அந்த மேட்டில் கட்டடங்கள்தான். டென்னசியில் நாரிஸ் அணை 1930-களில் கட்டப்பட்டபோது நீரில் மூழ்கவிருந்த பகுதியிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை இடம் மாற்றினார்கள், அதற்கு அணையைக் கட்டிய டி.வி.ஏ. என்ற அரசு நிறுவனம் வைத்த பட்டியல்கள் உண்டு. மாற்றிய பிறகு சான்றிதழில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பதால், இதை நீங்களாகத்தான் ஊர் வரலாற்றிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

9. கல்லறைத் தோட்டத்தின் ஏட்டோடு ஒப்பிடுங்கள்

ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் பெயர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். அங்கே கல்லின் படம் இருக்கிறதா, அல்லது யாரோ இதே சான்றிதழைப் பார்த்து ஏற்றிய பக்கமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அதே சாட்சியை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். படம் இல்லாவிட்டால் புதைக்கவில்லை என்றும் ஆகாது, கல் நட எல்லோரிடமும் காசு இருந்ததா என்ன? கல் இருந்தாலும் உடல் வேறிடத்தில் இருக்கலாம், நினைவுக் கல் மட்டும் நட்டிருப்பார்கள்.

தோட்ட அலுவலகத்துக்கு எழுதும்போது "இன்னார் அங்கே இருக்கிறாரா" என்று கேட்காதீர்கள், 'இல்லை' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். லாட் அட்டையின் நகலைக் கேளுங்கள். அந்த மனையை யார் விலைக்கு வாங்கினார், அதில் யார் யார், எந்தத் தேதியில், எங்கிருந்து வந்தார்கள் என்று அதில் இருக்கும். பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் கொடுங்கள், ஒரு வருஷம் முன்பின் தேடச் சொல்லுங்கள், தபாலில் எழுதினால் ஸ்டாம்ப் ஒட்டிய உறை வையுங்கள். சின்ன ஊர்களில் ஏட்டைப் பார்ப்பவர் சம்பளமில்லாமல் செய்பவராக இருப்பார், பதில் வர ஆறு வாரம்கூட ஆகும்.

வந்த பிறகு உங்கள் குறிப்பில் இரண்டு வரியாக எழுதுங்கள்: சான்றிதழ் சொன்னது, எழுத்துக்கு எழுத்து, அச்சுத் தலைப்பை அடைப்புக்குறிக்குள் போட்டு, கல்லறை ஏடு சொன்னது, தனியாக. இரண்டையும் கலந்து "ஹானிபலில் அடக்கம்" என்று ஒரே வரியாக எழுதிவிட்டால், நாளைக்கு ஏதாவது முரண்பட்டால் எதைத் திருத்துவது என்று உங்களுக்கே தெரியாது.

எங்களுக்கு ஹானிபலிலிருந்து வந்த அட்டையில் ஆறு குழிகள். நம் ஆள் மூன்றாவதில், கல் இல்லை. மனையை வாங்கியவராக எழுதியிருந்தது நாங்கள் கேள்வியே படாத ஒரு பெண்ணின் பெயர், 1894. "யார் தாத்தா இது?" என்றாள் பேத்தி. குடும்ப மரத்தைப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய நாள் தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தது, ஆனாலும் இருவரும் அந்தப் பெண்ணின் சான்றிதழைத் தேடி உட்கார்ந்தோம்.